ஆடத் தெரியாத செயலிகளும் கோணல் கூடமும்

உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைச் செல்பேசியில் நிரப்பிக்கொண்டிருக்கிறாள் ஒரு பிளஸ் டூ மாணவி. போன் அப்பாவுடையது. பெயர், பிறந்த தேதி, முகவரி, பள்ளியின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எண் என்று 20 கட்டங்கள். பாஸ்புக்கைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து அடித்தாகிவிட்டது. 21-வது கட்டம் 'புகைப்படம் எடுக்கவும்' என்கிறது. அழுத்துகிறாள். கேமரா திறக்கிறது. படம் எடுத்து 'சரி' கொடுத்துத் திரும்பி வந்தால்... செயலியின் முதல் பக்கம்! 'வருக' என்று பல்லைக் காட்டுகிறது. 20 கட்டமும் காலி.

அவள் என்ன நினைப்பாள்? தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நினைப்பாள். மறுபடி அடிப்பாள். மறுபடி காலியாகும். உதவி எண்ணுக்குப் பேசினால், "உங்க போன்ல ராம் கம்மிம்மா, வேற நல்ல போன் இருந்தா அதுல ட்ரை பண்ணுங்க" என்று பதில் வரும். கடைசியில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து விண்ணப்பிப்பாள். அதற்குள் கடைசித் தேதி போயிருந்தால் அதுவும் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போனின் மேல் பழியைப் போடும் செயலிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. இங்கே கோணல் கூடத்தில் இல்லை, ஆட்டத்தில்தான் இருக்கிறது.

கேமரா திறந்தபோது நடந்தது என்ன?

செல்பேசியில் நினைவகம் அளவோடுதான் இருக்கும். கேமரா பெருந்தீனிக்காரன். அது வந்து இடம் கேட்டதும் ஆண்ட்ராய்டு வரிசையைப் பார்க்கிறது. திரையில் தெரிகிற செயலிக்கு முதல் மரியாதை. பின்னணியில் பாட்டு ஓட்டுவது போன்ற வேலையில் இருப்பவற்றுக்கு அடுத்த இடம். திரையை விட்டுப் போய்ச் சும்மா காத்திருப்பவை கடைசி. இடம் போதாவிட்டால் கடைசி வரிசையில் இருப்பவற்றைக் கொன்று இடம் எடுத்துக்கொள்ளும். விண்ணப்பச் செயலி அந்த வரிசையில்தான் நின்றது. போய்ச் சேர்ந்தது.

ஆனால் அது சொல்லாமல் செய்த கொலை அல்ல. திரையை விட்டு நகரும்போதே அந்தச் செயலியிடம், "எடுத்து வைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று ஆண்ட்ராய்டு கேட்டுவிட்டது. 'ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்' என்ற அழைப்பு அதற்காகவே இருக்கிறது. செயலி 'பண்டில்' என்ற சின்ன மூட்டையில் வேண்டியதைக் கட்டிக் கொடுத்தால் போதும். செயலி செத்தாலும் மூட்டை சாகாது, ஏனென்றால் அதைச் சிஸ்டம் தன் சொந்த நினைவகத்தில் வைத்திருக்கிறது. பயனர் திரும்பி வந்ததும் செயலிக்கு மறுபடி உயிர் கொடுத்து, 'ஆன்கிரியேட்' அழைப்பிலேயே அந்த மூட்டையைக் கையில் கொடுக்கிறது. ரயில் நிலைய கிளோக் ரூமில் பெட்டியை வைத்துவிட்டுப் போய்த் திரும்ப வாங்குகிற மாதிரிதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐடி கொடுத்து அமைத்த சாதாரண எழுத்துப் பெட்டிகளில் பயனர் அடித்ததை ஆண்ட்ராய்டு தானாகவே சேமித்துத் திருப்பி நிரப்பும். ஒரு வரி கூட எழுத வேண்டாம். அப்படியிருந்தும் படிவம் காலியாகிறது என்றால் அதற்கு உழைத்திருக்க வேண்டும்! பெட்டிகளை நிரல் வழியாக உருவாக்கி ஐடி கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அல்லது சிஸ்டம் நிரப்பிய பிறகு 'ஆன்ரெஸ்யூம்' அழைப்பில் சர்வரிலிருந்து வந்த வெற்றுப் படிவத்தை அதன்மேல் எழுதியிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணில் படும் காரணம் ஸ்டாட்டிக் மாறிகள். லாகின் செய்தவர் யார், எந்த விண்ணப்பம், முதல் இரண்டு பக்கத்தில் என்ன அடித்தார் என்று எல்லாவற்றையும் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் போட்டு வைப்பது. எழுதச் சுலபம், எங்கிருந்தும் எடுக்கலாம். ஆனால் செயலியின் பிராசஸ் செத்துப் பிழைக்கும்போது ஆண்ட்ராய்டு பயனரை விட்ட இடத்தில், அதாவது மூன்றாம் பக்கத்தில், நேராக நிறுத்துகிறது. ஒன்றாம் பக்கமும் இரண்டாம் பக்கமும் இந்தப் பிறவியில் ஓடவே இல்லை. அவை நிரப்பியிருக்க வேண்டிய மாறியில் இருப்பது வெறும் 'நல்'. செயலி அங்கேயே கவிழும். கொஞ்சம் சாமர்த்தியமான புரோகிராமர் என்றால், 'நல் வந்தால் முதல் பக்கத்துக்கு அனுப்பிவிடு' என்று ஒரு வரி சேர்ப்பார். கவிழ்வது நின்றுவிடும், கிராஷ் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், மேனேஜருக்கு சந்தோஷம். அந்த மாணவி பார்த்த 'வருக' பக்கம் அங்கிருந்துதான் வந்தது. அது விபத்து அல்ல. ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய வரி.

நேற்று வந்த சட்டமா இது?

'யாருக்குத் தெரியும் இப்படியெல்லாம் நடக்கும் என்று?' எனக் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு.

1996-ல் வந்த பாம் பைலட் கையடக்கக் கருவியின் மலிவான மாடலில் நினைவகம் மொத்தமே 128 கிலோபைட். ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் ஓடும். வேறொன்றைத் திறந்தால் முதலாவதற்கு 'நிறுத்து' என்று செய்தி போகும். அது இருப்பதை எழுதி வைத்துவிட்டு வெளியேறும். திரும்பத் திறந்தால் அதே குறிப்பு, அதே இடம். பயனர் 'சேவ்' பட்டனைத் தேடியதே இல்லை. பிறகு வந்த ஜாவா செல்பேசிகளின் மிட்லெட்டுகளுக்கும் 'ஸ்டார்ட்ஆப்', 'பாஸ்ஆப்', 'டெஸ்ட்ராய்ஆப்' என்று மூன்று அழைப்புகள் இருந்தன. போன் வந்தால் ஒதுங்கு, போகச் சொன்னால் மிச்சம் வைக்காமல் போ என்பதுதான் அவற்றின் பொருள்.

ஆண்ட்ராய்டின் முதல் பதிப்பு 2008 செப்டம்பரில் வந்தது. அது ஓடிய முதல் போன் டி-மொபைல் ஜி1. அதில் 192 மெகாபைட் ராம், இழுத்துத் திறக்கும் கீபோர்டு. கீபோர்டை இழுத்ததும் திரை படுக்கைவாட்டில் திரும்பும். அப்படித் திரும்பினால் திரையில் இருக்கும் ஆக்டிவிட்டியை அழித்துப் புதிதாக உருவாக்குவதுதான் அன்றிலிருந்தே வழக்கம். அதாவது, முதல் போனின் பயனர் எதையாவது அடிக்க உட்கார்ந்தாலே இந்தச் சோதனை நடந்தது. 2010 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு குழுவின் பொறியாளர் டயான் ஹாக்போர்ன், ஆண்ட்ராய்டில் பல செயலிகள் சேர்ந்து ஓடும் முறையை விளக்கி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். பின்னணிச் செயலியைச் சிஸ்டம் எப்போது வேண்டுமானாலும் கொல்லும், ஆனால் பயனருக்கு அது தெரியக்கூடாது என்பதே அந்த ஏற்பாடு.

ஐபோன் வேறு உலகம் என்று சொல்ல முடியாது. ஹோம் பட்டனை அழுத்தினால் செயலி முடிந்தது என்ற நிலைமை அங்கே 2010 ஜூனில் வந்த ஐஓஎஸ் 4-ஓடு மாறியது. அதற்குப் பிறகு செயலி பின்னணியில் உறைந்து நிற்கும். இடம் தேவைப்பட்டால் உறைந்து நிற்பதை ஒரு வார்த்தை சொல்லாமலேயே சிஸ்டம் முடித்துவிடும். பின்னணிக்குப் போகும்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆக இது மூன்று பேருக்கு இடையிலான ஒப்பந்தம். பயனர் செயலிகளை மூடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிஸ்டம் தேவைப்பட்டால் கொல்லும், முன்னால் கேட்டுவிடும். செயலி, சாகாதது போலத் திரும்பி வரும். முதல் இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். மூன்றாவது ஆள்தான் போனைக் குறை சொல்கிறார்.

பூட்டுப் போட்டால் திருடன் வரமாட்டானா?

கல்லூரி புராஜெக்ட்களில் இந்த நோய்க்கு வழக்கமாகப் போடும் மாத்திரை ஒன்று உண்டு. போனைத் திருப்பினால் அடித்தது போய்விடுகிறதா? மேனிஃபெஸ்ட் கோப்பில் 'போர்ட்ரெயிட்' என்று ஒரு வார்த்தை எழுது. திரை திரும்பாது, பிரச்சினை தீர்ந்தது! இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் 'கான்ஃபிக்சேஞ்சஸ்' என்ற வரியில் தெரிந்த எல்லாவற்றையும் அடுக்கி, 'எது மாறினாலும் என்னை மறுபடி உருவாக்காதே' என்று சிஸ்டத்துக்கு உத்தரவு போடுவார்கள்.

இது தீர்வு அல்ல, சாட்சியைக் கலைப்பது. அந்த மாணவி போனைத் திருப்பவே இல்லையே? கேமராவைத்தானே திறந்தாள்? திரை திரும்பும்போது தெரிகிற ஓட்டையும் பிராசஸ் சாகும்போது தெரிகிற ஓட்டையும் பெரும்பாலும் ஒன்றேதான். வித்தியாசம், முன்னது சோதிப்பவரின் கையில் இரண்டு விநாடியில் தெரியும். பின்னது பயனரின் கையில் மட்டும் தெரியும். பூட்டுப் போடுகிறவர் ஓட்டையை அடைக்கவில்லை, தன் கண்ணைக் கட்டிக்கொள்கிறார்.

அந்தப் பூட்டும் நிலையானது அல்ல. 2016-ல் ஆண்ட்ராய்டு 7 திரையை இரண்டாகப் பிரித்தது. 2019-ல் மடக்கும் போன் கடைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு 10 மொத்த போனுக்கும் இருண்ட தீம் கொண்டுவந்தது. எழுத்தின் அளவை மாற்றினாலும், மொழியை மாற்றினாலும் அதே மறுபிறவிதான். 2025-ல் வந்த ஆண்ட்ராய்டு 16, அதைக் குறிவைத்து உருவாக்கும் செயலிகள் அகலத் திரைகளில் போடும் போர்ட்ரெயிட் பூட்டை, விளையாட்டுகள் தவிர, கண்டுகொள்வதே இல்லை. 17 வருடம் பூட்டை நம்பி ஓட்டியாயிற்று. சாவியைச் சிஸ்டமே வாங்கிக்கொண்டது.

தாயத்து

அடுத்த மாத்திரை கொஞ்சம் விலை உயர்ந்தது. 'வியூமாடல் போட்டாச்சே, இன்னும் என்ன?' 2017-ல் கூகுள் கொண்டுவந்த வியூமாடல் நல்ல பொருள்தான். திரை திரும்பி ஆக்டிவிட்டி அழிந்து பிறந்தாலும் வியூமாடல் அப்படியே இருக்கும். ஆனால் அது இருப்பது செயலியின் பிராசஸுக்குள். பிராசஸே போனால் வியூமாடலும் கூடவே போகும். வீட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால் பீரோவில் வைத்தது இருக்கும். வீடே இடிந்தால் பீரோ எங்கே இருக்கும்? இதைக் கூகுளின் ஆவணங்களே தெளிவாகச் சொல்கின்றன. அந்த இடைவெளியை அடைக்கவே 'சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில்' என்ற ஒன்றைப் பிறகு கொடுத்தார்கள். 2021-ல் நிலைபெற்ற கம்போஸிலும் இதே கதை. 'ரிமெம்பர்' என்று பெயர் வைத்ததாலேயே எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. திரை திரும்பினாலே அது மறந்துவிடும். பிழைத்து வர வேண்டியதற்கு 'ரிமெம்பர்சேவபிள்' வேண்டும்.

கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது எதற்கு என்று படிக்காமல் தாயத்து மாதிரிக் கட்டிக்கொள்வதுதான் குறை.

வழக்கமான சாக்குகள்

"இப்போதெல்லாம் 8 ஜிபி ராம் போன் வந்துவிட்டதே." வந்துவிட்டது, யார் கையில் என்பதுதான் கேள்வி. செயலி எழுதுகிறவர் கையில் 8 ஜிபி, விண்ணப்பம் போடுகிறவர் கையில் 2 ஜிபி. ராம் அதிகமானால் சாவு தள்ளிப்போகும், நின்றுவிடாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணிச் செயலிகளை இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளும் போன்களும் சந்தையில் இருக்கின்றன. 8 ஜிபி போனிலும் இருண்ட தீம் மாறினால் ஆக்டிவிட்டி மறுபடி பிறக்கத்தான் செய்யும். மாலையானதும் தானாக மாறும்படி வைத்திருந்தால், பயனருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று திரை அணையும் வரை ஆண்ட்ராய்டு காத்திருந்து மாற்றுகிறது. இயங்குதளத்துக்கு இருக்கிற அந்த நாசூக்கில் பாதியாவது செயலிக்கு வேண்டாமா?

"வங்கி விவரங்களைச் சேமிப்பது ஆபத்து." பாதி நியாயம். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எங்கும் எழுதி வைக்கக்கூடாதுதான். அதற்காக ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் ஏன் தூக்கி எறிய வேண்டும்? இந்தச் சாக்கைச் சொல்லும் செயலி, ஓடிபியைப் பார்க்க எஸ்எம்எஸ் பக்கம் போய் வந்தாலே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. பாதுகாப்பு என்பது இதற்குப் பெயர் அல்ல.

"ஆண்ட்ராய்டின் வடிவமைப்பே குழப்பம்." இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திரை திரும்பினால் ஆக்டிவிட்டியையே அழிப்பது என்ற முடிவு எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஃபிராக்மென்ட்டின் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தைப் பார்த்தால் மெட்ரோ ரயில் வரைபடம் தேவலை. மூட்டை கட்டும் அழைப்பு 'ஆன்ஸ்டாப்'புக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதைக்கூட ஆண்ட்ராய்டு 9-ல் மாற்றினார்கள். எல்லாம் சரி. கூகுளின் மேல் உள்ள கோபத்தை அந்த மாணவியின் 20 கட்டங்களின் மேல் ஏன் காட்ட வேண்டும்?

அடித்தது போவது மட்டும் அல்ல

மறுபடி அடிப்பது எரிச்சல். மறுபடி பணம் போவது வேறு. விண்ணப்பக் கட்டணம் கட்ட யுபிஐ செயலிக்குப் போகிறார் பயனர். பணம் போய்விட்டது. அதற்குள் விண்ணப்பச் செயலி பின்னால் செத்துவிட்டது. திரும்பி வந்தால் அதற்கு எதுவும் ஞாபகம் இல்லை. 'கட்டணம் செலுத்தவும்' என்று அதே பட்டன் சிரிக்கிறது. பணம் போனதா இல்லையா என்று புரியாமல் இன்னொரு முறை அழுத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். புறப்படுவதற்கு முன்பே ஆர்டர் எண்ணை டிஸ்கில் எழுதிவிட்டு, திரும்பி வந்ததும் முதல் வேலையாக 'இந்த எண்ணுக்குப் பணம் வந்ததா?' என்று சர்வரைக் கேட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கேமராவுக்கும் இதே வைத்தியம்தான். படம் எந்தக் கோப்பில் விழும் என்ற முகவரியைக் கேமராவைத் திறப்பதற்கு முன்பே பத்திரப்படுத்த வேண்டும். சாதாரண மாறியில் வைத்துவிட்டுப் போனால், படம் போனுக்குள் எங்கோ பத்திரமாக இருக்கும், எங்கே என்று செயலிக்கு மட்டும் தெரியாது.

எதை எங்கே வைப்பது என்பதும் பெரிய வித்தை அல்ல. எந்தப் பக்கம், எந்தத் தாவல், எதைத் தேடினார் போன்ற சில்லறை விவரங்கள் பண்டிலுக்கு. பயனர் உழைத்து அடித்த நீண்ட படிவம் டிஸ்கில் ஒரு வரைவாக, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும். சர்வரிலிருந்து வந்த பட்டியலும் படங்களும் எங்கும் வேண்டாம், மறுபடி கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் பண்டிலில் திணித்தால் அது வேறு வம்பு. ஒரு பிராசஸுக்கு இப்படிப் பரிமாற மொத்தமே சுமார் 1 மெகாபைட்தான் இடம், ஆண்ட்ராய்டு 7-லிருந்து அது நிரம்பி வழிந்தால் செயலியே கவிழும். 'ஆன்டிஸ்ட்ராய்' வரும்போது சேமித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கக்கூடாது. பிராசஸைக் கொல்லும்போது அந்த அழைப்பு வராமலே போகலாம். இறப்புச் சான்றிதழ் வாங்கிய பிறகு உயில் எழுத முடியுமா?

மனப்பாடம்

இத்தனைக்கும் மொபைல் பாடம் எடுத்த எந்த மாணவரைக் கேட்டாலும் 'ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம், ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டிஸ்ட்ராய்' என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். வைவாவில் கேட்பதும் அதைத்தான், கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பதும் அதைத்தான். அம்புக்குறி போட்ட படம் வரைந்தால் முழு மதிப்பெண். 'உன் புராஜெக்ட்டில் பாதி அடித்திருக்கும்போது போன் வந்தால் அடித்தது எங்கே போகும்?' என்று கேட்பவர் அபூர்வம். பொட்டி தட்டுகிறவர்களை இப்படியே உருவாக்கி அனுப்பிவிட்டு, அரசுச் செயலி சரியில்லை, வங்கிச் செயலி சரியில்லை என்று புலம்பிப் பயன் என்ன? அந்தச் செயலிகளை வேற்றுக்கிரகவாசிகளா எழுதுகிறார்கள்? நான்கு வருடம் முன்னால் இதே வைவாவில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான்.

சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். படிவத்தில் பாதியை நிரப்பிவிட்டுத் திரையைத் திருப்ப வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே' என்ற தேர்வை இயக்கி, வெளியே போய்த் திரும்ப வேண்டும். அதில் தேறினால் போதாது. அது ஆக்டிவிட்டியைத்தான் அழிக்கும், பிராசஸ் உயிரோடிருக்கும், ஸ்டாட்டிக் மாறிகளின் குட்டு உடையாது. எனவே ஹோம் பட்டனை அழுத்திவிட்டு, கணினியோடு இணைத்து 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' கட்டளையில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்துப் பிராசஸைக் கொன்று, சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து திரும்ப வர வேண்டும். செட்டிங்ஸில் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்துவிட்டு 'எல்லாம் போய்விட்டதே' என்று சொல்லக்கூடாது. பயனரே விரும்பி மூடினால் பண்டில் போவதுதான் முறை. அவர் மூடாதபோது போவதுதான் குற்றம்.

இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாத புராஜெக்ட்டுக்கு எத்தனை அனிமேஷன் இருந்தாலும் மதிப்பெண் கொடுக்கக்கூடாது. கடைக்குப் போகும் செயலிக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். பயனர் அடித்ததைக் காப்பாற்றுவது அடுத்த வெர்ஷனில் சேர்க்கிற வசதி அல்ல. படிவம் என்று ஒன்றைக் காட்டி 'இங்கே அடி' என்று சொன்ன நிமிடமே கொடுத்துவிட்ட வாக்கு.

அப்பாவின் போனில் விண்ணப்பம் போடுகிறவளுக்கு ஆக்டிவிட்டி என்றால் என்ன, பிராசஸ் என்றால் என்ன என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கேமராவைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பினால், ஐஎஃப்எஸ்சி எண் அவள் அடித்த மாதிரியே அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறாள்.